பள்ளிக்கு ஒரு கதைப் பட்டியல்: முதல்முறை போடுகிறவர்களுக்கு

பள்ளியில் நூலகப் பொறுப்பு என்பது கேட்டு வாங்குவதல்ல, தானாக வந்து சேர்வது. மாறுதலில் ஒருவர் போவார். அவர் மேசையில் இருந்த சாவிக்கொத்தும் இருப்புப் பதிவேடும் உங்கள் மேசைக்கு வரும். "நீங்கதான் தமிழாச்சே" என்பார் தலைமையாசிரியர். நியமனம் முடிந்தது. கொஞ்ச நாளில், ஏப்ரல் 23 புத்தக தினம் நெருங்கும்போது, "பசங்க, டீச்சர்ஸ், பேரன்ட்ஸ் எல்லாரும் படிக்கிற மாதிரி ஒரு கதைப் புத்தகப் பட்டியல் போடுங்களேன்" என்பார்கள். அதை முதல்முறை செய்யப்போகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

நான் போட்ட முதல் பட்டியலில் 60 தலைப்புகள் இருந்தன. அங்கே இங்கே கேட்டு, விருது வாங்கிய புத்தகங்களைத் தேடி, அழகாகத் தட்டச்சு செய்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை. நான்காவது வாரம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து, "சார், இதுல எதெல்லாம் நம்ம பீரோவுல இருக்கு?" என்றாள். எண்ணிப் பார்த்தேன். 11. அந்தப் பதினொன்றிலும் நான் முழுதாகப் படித்தது நான்கு. அதை அவளிடம் சொல்லவில்லை. மாலையில் பட்டியலை எடுத்துவிட்டேன்.

கீழே வருவதெல்லாம் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது.

பீரோவிலிருந்து தொடங்குங்கள்

இரண்டு மத்தியானம் ஒதுக்குங்கள். நான்கு மாணவர்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். மூக்கில் கட்டிக்கொள்ளத் துணி வேண்டும், தூசு அப்படி இருக்கும். எல்லாவற்றையும் தரையில் இறக்கி மூன்று குவியலாகப் போடுங்கள்: கதை, கதை அல்லாதது, கிழிந்தது. இரண்டாவது குவியல்தான் மலையாக உயரும். பொது அறிவு, தலைவர்கள் வரலாறு, கட்டுரைக் கோவை, பாடத்திட்டம் மாறிப்போன தேர்வு வழிகாட்டி. கதை என்று 100 தேறினாலே சந்தோஷப்படலாம்.

ஆனால் அந்த நூறில் நல்ல சரக்கு இருக்கும். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசையில் வந்த மெல்லிய படப் புத்தகங்கள் கிடைக்கும். யாரோ ஓய்வுபெறும்போது கொடுத்துவிட்டுப் போன பழைய வாண்டுமாமா சிறுவர் கதைகள் கிடைக்கலாம். அட்டையில் மாஸ்கோ, ராதுகா, முன்னேற்றப் பதிப்பகம் என்று பார்த்தால் பழசு என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சோவியத் நாட்டில் அச்சாகித் தமிழில் வந்த அந்தப் புத்தகங்களில் பலவற்றின் தையல் இன்னும் பிரிந்திருக்காது. நம் ஊரில் போன வருடம் வாங்கியது அதற்கு முன்னால் உதிர்ந்துவிடும்.

பீரோ ஏன் எப்போதும் பூட்டியே கிடக்கிறது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பேசிவிடுவது நல்லது. தொலைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயம்தான் காரணம். நியாயமான பயம். கிழிந்ததையும் தொலைந்ததையும் பதிவேட்டில் எப்படிக் கழித்து எழுதுவது என்று தலைமையாசிரியரிடம் முதலிலேயே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931ல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்படுத்துவதற்காக என்பதுதான். தணிக்கைக்கு வருகிறவரிடம் இதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. தலைமையாசிரியரிடம் சொல்லிப் பார்க்கலாம்.

யாருக்கு எவ்வளவு படிக்க வரும்

ஆறாம் வகுப்புக்கு இவை, ஏழாம் வகுப்புக்கு இவை என்று பிரிப்பதுதான் எல்லோரும் செய்வது. அது காகிதத்தில்தான் சரியாக வரும். ஒரே எட்டாம் வகுப்பில் கல்கியை விழுங்குகிற பெண்ணும் இருப்பாள், எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஐந்து பையன்களும் இருப்பார்கள். அதனால் வகுப்பை ஓரமாக வையுங்கள். பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து இடத்துக்கு மேல் தடுமாறினால் அந்தப் புத்தகம் அவனுக்கு இன்னும் கனம். எல்லோர் முன்னாலும் இந்தச் சோதனை வேண்டாம்.

தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் தன் சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது. நான் பார்த்த பிரிவினைகளிலேயே பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது இதுதான். உங்கள் பட்டியலுக்கும் இதே பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் எங்காவது இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பெரிய வகுப்பில் இருந்துகொண்டு 'நட' புத்தகம் எடுக்கப் பிள்ளைகள் வெட்கப்படுவார்கள். எங்கள் ஒன்பதாம் வகுப்பில் அப்படி ஒருவன் இருந்தான், நூலகம் பக்கமே வர மாட்டான். "ஒண்ணாம் கிளாஸ் குட்டிகளுக்கு வெள்ளிக்கிழமை கதை படிச்சுக் காட்ட ஆள் வேணும், நீ வர்றியா?" என்று கேட்டேன். அதற்காக வியாழக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒத்திகை பார்த்தான். சின்னப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ள அவனுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு வழி காமிக்ஸ். சிவகாசியிலிருந்து 1972ல் முத்து காமிக்ஸும் 1984ல் லயன் காமிக்ஸும் தொடங்கின. மாயாவியும் டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும் தமிழில் படிக்க வைத்தவர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள். காமிக்ஸ் எல்லாம் ஒரு படிப்பா என்று கேட்கும் ஆசிரியர் எல்லாப் பள்ளியிலும் ஒருவர் இருப்பார். எங்கள் பள்ளியில் அது நான்தான். மாறிவிட்டேன்.

படிக்காததைப் பட்டியலில் போடாதீர்கள்

இது ஒன்றில்தான் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பள்ளியில் ஒரு பெரியவரும் ஒரு மாணவரும் கடைசிப் பக்கம் வரை படித்திராத புத்தகம் பட்டியலில் ஏறக்கூடாது. விருது வாங்கியிருந்தாலும் சரி, எழுத்தாளர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி.

ஒரு 80 பக்க நோட்டு வாங்கி நான்கு கட்டம் போடுங்கள்: தலைப்பு, பக்க எண்ணிக்கை, பிடித்த இடம், தயங்கிய இடம். நான்காவது கட்டம்தான் முக்கியம். பின்னால் யாராவது கேள்வி கேட்டால் அதுதான் உங்களைக் காப்பாற்றும். முதல் பட்டியலுக்கு 20 புத்தகம் போதும். கோடை விடுமுறையில் வாரத்துக்கு நான்கு மெல்லிய புத்தகம் என்று வைத்தால் முடிந்துவிடும். உடன் படிக்க நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் உங்களைவிட வேகம். "முதல் பத்துப் பக்கம் போர் சார்" என்று தயங்காமல் சொல்லிவிடுவார்கள்.

எதைத் தேடிப் படிப்பது என்று தெரியாவிட்டால் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதுப் பட்டியலிலிருந்து ஆரம்பிக்கலாம். 2010லிருந்து கொடுக்கிறார்கள். முதல் ஆண்டில் தமிழுக்கு மா. கமலவேலனின் 'அந்தோனியின் ஆட்டுக்குட்டி' பெற்றது. அதில் பாடல் தொகுப்புகளும் உண்டு, கதையை மட்டும் பிரித்து எடுங்கள். அது தேடுவதற்கான இடம்தான், அப்படியே பார்த்து எழுதுவதற்கல்ல. என் முதல் பட்டியலின் கதை அதுதானே.

எந்தப் புத்தகங்கள்

இனி நான் சொல்வது என் ருசி. உங்கள் பிள்ளைகளின் ருசி வேறாக இருக்கலாம்.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பட்டியல் பிள்ளைக்கு இல்லை, படித்துக் காட்டுகிறவருக்கு. துலிகா, பிரதம் புக்ஸ் வெளியிட்ட படப் புத்தகங்களில் பக்கத்துக்கு இரண்டு வரி கொண்டவையாகப் பத்து இருந்தால் ஒரு வருடம் ஓடும். ஒரே கதையை ஐந்து தடவை கேட்பார்கள், சலித்துக்கொள்ளாதீர்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு எஸ். ராமகிருஷ்ணனின் 'கால் முளைத்த கதைகள்' நன்றாகப் போகிறது. உலகத்தின் பல மூலைகளிலிருந்து எடுத்த கதைகள், எல்லாமே சின்னச் சின்னது. அரசுப் பள்ளிகளுக்கு வருகிற 'ஊஞ்சல்' இதழையும் இந்த வயதுக்கு எண்ணிக்கொள்ளலாம். ஆறிலிருந்து ஒன்பது வரை 'தேன்சிட்டு'.

ஆறு முதல் எட்டு வரைதான் விளைச்சல் நிலம். இந்த மூன்று வருடத்தில் கதைக்குள் விழுந்த பிள்ளை பிறகு எழுந்து வராது. இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முதலில் கி. ராஜநாராயணனின் 'கதவு'. சிறுகதைதான், பத்து நிமிடம். வீட்டுக் கதவில் ஏறி ஆடி, டிக்கெட் கொடுத்து விளையாடும் பிள்ளைகள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். இதைப் படித்துக் காட்டினால் வகுப்பில் யாராவது ஒருவன், தன் வீட்டில் கொண்டுபோன சாமான் ஒன்றைச் சொல்வான். எங்கள் வகுப்பில் ஒருத்தி கிரைண்டரைச் சொன்னாள். தவணை கட்டவில்லையாம். யாரும் சிரிக்கவில்லை.

அதே கி.ரா.வின் 'பிஞ்சுகள்' குறுநாவல். பறவை முட்டைகளைத் தேடித் தேடிச் சேர்க்கும் சிறுவன் வெங்கடேசுவின் கதை. கரிசல் வட்டார வழக்கு வெளியூர்ப் பிள்ளைகளுக்கு முதல் சில பக்கம் சிரமம் தரும். நீங்கள் பத்துப் பக்கம் வாய்விட்டுப் படித்துக் கொடுத்தால் காது பழகிவிடும். ஆனால் கி.ரா. என்று பெயரைப் பார்த்து மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். அவரே ஒரு நாட்டுப்புறக் கதைத் தொகுப்புக்கு 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று பெயர் வைத்திருக்கிறார். அந்த அளவுக்கு வெளிப்படையான எச்சரிக்கை எல்லாப் புத்தகத்திலும் இருக்காது.

கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' தீபாவளிக்கு முந்தைய வாரம் கொடுக்க வேண்டிய கதை. புதுத்துணி இல்லாத பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு இந்தக் கதை என்ன செய்கிறது என்று நான் விளக்க மாட்டேன், படித்துப் பாருங்கள்.

புதியவற்றில், உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைப் பின்னணியாக வைத்தது. வரலாற்று ஆசிரியரையும் கூட்டாளியாக இழுத்துவிடலாம். விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' மாயக் கதை கேட்பவர்களுக்கு. அந்துவான் து செந்த்-எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' தமிழில் வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் செய்த மொழிபெயர்ப்பு, க்ரியா வெளியீடு. தொடக்கத்தில் ஒரு படம் வரும். பெரியவர்கள் தொப்பி என்பார்கள், யானையை விழுங்கிய மலைப்பாம்பு அது. அந்தப் பக்கத்தை மட்டும் வகுப்பில் காட்டி, இது என்ன என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுங்கள். அன்றைக்கே நாலு பேர் வரிசையில் நிற்பார்கள்.

எட்டாம் வகுப்பிலிருந்து வைக்கம் முகமது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு'. எழுத்தாளரின் சொந்தப் புத்தகத்தையே தின்றுவிடுகிற ஆடு எந்தப் பள்ளியிலும் எடுபடும்.

ஒன்பது, பத்தில் நேரம் கிடையாது. தேர்வு. அதனால் சிறுகதைகளாகப் போடுங்கள்: அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்', தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு'. நாவல் கேட்பவர்களுக்குச் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஜீனோ என்கிற இயந்திர நாய்க்காகவே படிப்பார்கள். 1980களில் அவர் கற்பனை செய்த வருங்காலம் நாம் கடந்துவிட்ட வருடங்கள் என்பது கூடுதல் வேடிக்கை.

'பொன்னியின் செல்வன்' பற்றி ஒரு வார்த்தை. எந்தப் பெற்றோரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். நல்ல புத்தகம்தான், சண்டை இல்லை. ஐந்து பாகம். முதல் பாகத்தை எடுத்துக்கொண்டு போகிற பத்துப் பிள்ளைகளில் ஏழு பேர் பாதியில் திருப்பிக் கொடுப்பது என் பதிவேட்டில் இருக்கிறது. பாதியில் விட்டவன் தனக்குப் படிக்க வராது என்று முடிவு கட்டிக்கொள்கிறான், அதுதான் ஆபத்து. முதலில் 'பார்த்திபன் கனவு' கொடுங்கள். ஒரே புத்தகம். முடித்துவிட்டு வந்து கேட்டால் வந்தியத்தேவனைக் குதிரையோடு அனுப்பி வையுங்கள்.

பதினொன்று, பன்னிரண்டுக்கு பூமணியின் 'வெக்கை', பாமாவின் 'கருக்கு', அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. முதல் இரண்டையும் வெறுமனே பட்டியலில் போட்டுவிட்டு நகரக்கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஆசிரியர்களுக்கும் வீட்டுக்கும்

பள்ளி என்றால் பிள்ளைகள் மட்டுமல்லவே. ஆசிரியர் அறையில் தனிப் பட்டியல் ஒன்று ஒட்டுங்கள். ஐந்து தலைப்பு போதும். தி. ஜானகிராமனின் 'முள்முடி': சிறு திருட்டு ஒன்றுக்காக ஒரு பையனோடு யாரும் பேசக்கூடாது என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார். அவர் மறந்துவிடுகிறார், வகுப்பு மறப்பதில்லை. இரா. நடராசனின் 'ஆயிஷா': கேள்வி கேட்ட மாணவிக்கு என்ன நடந்தது என்பது. கிஜுபாய் பதேகாவின் 'பகல் கனவு': குஜராத்தில் நான்காம் வகுப்பு ஒன்றை வைத்து ஓர் ஆசிரியர் ஒரு வருடம் செய்து பார்க்கும் பரிசோதனை, பாடத்துக்கு முன்னால் கதை சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்': பழைய குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடமாக்கும் கிர்கீசிய இளைஞனின் கதை. ஐந்தாவதாக 'டோட்டோ-சான்' வைத்தேன். அது கதை இல்லை, தெத்சுகோ குரோயாநாகி தன் பள்ளி நாட்களை எழுதிய நினைவுகள். ரயில் பெட்டியில் வகுப்பு நடந்த பள்ளி என்பதால் கதை மாதிரிதான் இருக்கும், யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

பெற்றோரிடம் அச்சடித்த பட்டியலைக் கொடுத்தால் அது மடித்துப் பையில் போய்விடும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தடவை, உரைக்குப் பதிலாகப் பத்து நிமிடம் கதை படித்தோம். கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. பிள்ளைகளுக்குப் புத்தகமும் டைரியும் கொடுக்கிற ஒருவர், தனக்குக் கிடைக்காத அன்பளிப்புக்காக ஏங்கும் சாரங்கன் என்கிற சிறுவன். முடிந்ததும் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. கூட்டம் கலைந்த பிறகு சத்துணவு அக்கா வந்து, "அந்தப் புஸ்தகத்தை ரெண்டு நாளைக்குக் குடுங்க சார்" என்றார். நாலு நாளில் திரும்பி வந்தது. 'ராஜா வந்திருக்கிறார்' கதையின் ஓரத்தில் மஞ்சள் கறையாக ஒரு விரல் தடம். பதிவேட்டில் 'கறை' என்று எழுத வேண்டும். நான் எழுதவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளும் உண்டு. அங்கே பிள்ளைதான் படித்துக் காட்ட வேண்டும். அதற்கு ஏற்ற கதைகளுக்குப் பட்டியலில் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள்.

தயங்கும் புத்தகங்கள்

நோட்டில் நான்காவது கட்டம் இங்கேதான் உதவும். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' சிறுவர் மீதான பாலியல் அத்துமீறலைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி பேசும் கதை. அவசியமான புத்தகம். ஆனால் கொடுப்பதற்கு முன் வகுப்பாசிரியரும் அதைப் படித்திருக்க வேண்டும். ஒரு பிள்ளை அதைப் படித்துவிட்டு ஒரு ரகசியத்தோடு உங்களிடம் வரலாம். வந்தால் யாரிடம் சொல்வது, என்ன செய்வது என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். சிறுவர் உதவி எண் 1098 அந்த அலமாரியிலேயே ஒட்டியிருக்கட்டும்.

'வெக்கை' ஒரு கொலையோடுதான் தொடங்குகிறது, கொலை செய்தவன் பதினைந்து வயதுப் பையன். 'கருக்கு' சாதியின் காயத்தை உள்ளிருந்து பேசுகிறது. 'முதல் ஆசிரிய'ரின் பின்பாதியில் ஒரு சிறுமிக்குக் கட்டாயத் திருமணம் வருகிறது. அதனால்தான் அதைப் பிள்ளைகள் பட்டியலில் வைக்காமல் ஆசிரியர் பட்டியலில் வைத்தேன். இவை ஒளித்து வைக்க வேண்டியவை இல்லை. கேட்கிற மாணவரோடு முன்னால் ஐந்து நிமிடம், பின்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டியவை.

புகார் வரும். எனக்கும் வந்தது. ஒரு அப்பா புத்தகத்தை மேசையில் போட்டு, "இதுல கெட்ட வார்த்தை இருக்கு" என்றார். இருந்தது. நோட்டை எடுத்துக் காட்டினேன்: எந்தப் பக்கம், யார் யாரைத் திட்டும்போது வருகிறது, ஏன் பரவாயில்லை என்று நினைத்தேன், எல்லாம் எழுதியிருந்தது. அவருக்குச் சம்மதம் இல்லை, ஆனால் யோசிக்காமல் கொடுக்கவில்லை என்பது புரிந்தது. அவர் பையனுக்கு வேறு புத்தகம் கொடுத்தேன். பட்டியலிலிருந்து நீக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டியலை எழுதி முடித்ததும், கதைகளில் வருகிறவர்கள் யார் யார் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். ராஜாவும் ராஜகுமாரனும் எத்தனை, பெண் பிள்ளை எத்தனை, வேலைக்குப் போகிற பிள்ளை எத்தனை, உங்கள் ஊர் மாதிரி ஊர் எத்தனை. என் இரண்டாவது பட்டியலில் பெண் பிள்ளை நாயகியாக வந்தது மூன்றே கதையில். வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள்.

ஒரு வரி எழுதுவது

தலைப்பும் ஆசிரியர் பெயரும் மட்டும் போட்டால் அது இருப்புப் பதிவேடு. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி வேண்டும், அதை எழுதுவதுதான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. முதலில் இப்படி எழுதினேன்: 'கிராமப்புற மக்களின் வறுமையை உருக்கமாகச் சித்திரிக்கும் சிறந்த சிறுகதை.' வினாத்தாள் வாசனை. படித்த பையனிடமே கேட்டபோது அவன் சொன்னது: 'வீட்டுக் கதவைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் அந்தப் பசங்க எதுல விளையாடுவாங்க?' அதை அப்படியே போட்டேன்.

நெகிழ வைக்கும், சிந்திக்கத் தூண்டும், கருத்துச் செறிவுள்ள. இந்த மூன்று சொல்லையும் தடை செய்யுங்கள். பக்க எண்ணிக்கையைக் கட்டாயம் எழுதுங்கள். பிள்ளைகள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பிரதிகள்

பட்டியலில் உள்ளது பீரோவில் இருக்க வேண்டும், முடிந்தால் இரண்டு பிரதி. ஒன்று வெளியே போயிருக்கும்போது கேட்டு வருகிறவனுக்கு இரண்டாவது. பணம் கொஞ்சம்தான் என்றால் 20 தலைப்பில் ஒவ்வொன்று வாங்குவதைவிட 10 தலைப்பில் இரண்டிரண்டு வாங்குவேன்.

புத்தகக் காட்சிகளில் வழக்கமாக 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. சென்னையில் 1977லிருந்து நடக்கிறது, இப்போது மாவட்டங்களிலும் நடத்துகிறார்கள். பள்ளிக்கு என்று சொல்லிப் பதிப்பாளரிடம் நேரில் கேளுங்கள், சிலர் இன்னும் குறைப்பார்கள். கல்கி, புதுமைப்பித்தன் போன்றோரின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன. மலிவு என்று எடுப்பதற்கு முன் நான்கு பக்கம் புரட்டிப் பாருங்கள், அச்சுப்பிழை மலிந்த பதிப்புகளும் சுருக்கப் பதிப்புகளும் அதில் உண்டு. இவர்களின் கதைகளை மதுரைத் திட்டத்தின் தளத்திலிருந்து இலவசமாக எடுத்து அச்சிட்டும் கொடுக்கலாம். படக்கதைகளுக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. தமிழிலும் உண்டு, அச்சிட்டுக்கொள்ள அனுமதியும் உண்டு. மற்றவற்றை நகலெடுத்துக் கொடுக்காதீர்கள், அது எழுத்தாளரின் சோறு.

பக்கத்தில் உள்ள கிளை நூலகத்தில் பிள்ளைகளை உறுப்பினராக்கிவிடுங்கள். அங்கே இருப்பதையும் பட்டியலில் 'கி.நூ.' என்று குறித்துச் சேர்க்கலாம். விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது இங்கேதான், 1948ல். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், போய் எடுத்துவர வேண்டியதுதானே.

கையில் கொடுப்பது

பட்டியல் ஒட்டியாகிவிட்டது. இனிமேல் காத்திருந்தால் மூன்று வாரம் யாரும் வர மாட்டார்கள், நான் காத்திருந்து பார்த்தவன். காலை வணக்கக் கூட்டத்தில் வாரம் ஒரு மாணவர் இரண்டு நிமிடம் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசட்டும். முடிவைச் சொல்லக்கூடாது. பாடவேளை ஒன்று வீணாகிறது என்றால் முதல் அத்தியாயத்தை வாசித்து, சுவாரசியமான இடத்தில் நிறுத்தி, புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

கொடுக்கும் நேரம் மதிய உணவுக்குப் பிறகு, வாரம் இரண்டு நாள். பதிவேட்டை மாணவர்களே எழுதட்டும். பொறுப்புக்கு நன்றாகப் படிக்கிறவனைப் போடாதீர்கள், எல்லோரோடும் சண்டை போடுகிறவனைப் போடுங்கள். புத்தகம் ஒழுங்காகத் திரும்பி வரும்.

படித்து முடித்தவரிடம் சுருக்கம் கேட்காதீர்கள். இக்கதையால் அறியும் நீதி யாது என்று கேட்கவே கேட்காதீர்கள். "பிடிச்சிருந்துச்சா? அடுத்து என்ன வேணும்?" இந்த இரண்டு கேள்வி போதும். பாதியில் பிடிக்கவில்லை என்று திருப்பினால் வாங்கி வைத்துக்கொண்டு வேறு கொடுங்கள். தொலைத்துவிட்டால் அபராதம் வேண்டாம். பழைய புத்தகக் கடையில் வேறு ஏதாவது கதைப் புத்தகம் வாங்கித் தரட்டும். எங்களுக்கு அப்படி வந்த ஒரு பழைய அம்புலிமாமா கட்டு, தொலைந்ததைவிட நன்றாக ஓடுகிறது.

பருவத்துக்கு ஒருமுறை பதிவேட்டைப் பார்த்து, ஒருவரும் எடுக்காத மூன்றை நீக்கி மூன்றைப் புதிதாகச் சேருங்கள். நீக்கும்போது மனசு கேட்காது. எனக்கு மிகப் பிடித்த நாவல் ஒன்று இரண்டு வருடம் பட்டியலில் இருந்தது, ஒரே ஒரு தடவை வெளியே போனது, எடுத்துப் போனது நான். நீக்கிவிட்டேன்.

பட்டியலின் அடியில் ஐந்து வெற்றுக் கோடு விட்டு, 'நீங்க சொல்லுங்க' என்று எழுதி, பக்கத்தில் நூலில் கட்டி ஒரு பேனா தொங்க விடுங்கள். பேனா காணாமல் போகும். ஒரு டஜன் வாங்கி வையுங்கள்.